பெயர் மறைத்த கோப்பையில் வெர்டிக்கியோ

ஒயின் சுவைப்பதில் தேர்ந்த ஒருவரிடம் பெயர் மறைத்த கோப்பையைக் கொடுத்து, இது என்ன திராட்சை என்று கேட்டால் சில வகைகளுக்குப் பதில் நொடியில் வந்துவிடும். கெவுர்ட்ஸ்ட்ராமினர் என்றால் ரோஜாவும் லிச்சியும் கோப்பையின் விளிம்பிலேயே மணக்கும். சோவின்யோன் பிளாங்க் என்றால் பச்சைக் குடைமிளகாயும் பேஷன் பழமும். மஸ்கட்டுக்குப் பயிற்சியே வேண்டாம். பழம் எப்படி மணக்கிறதோ அப்படியே ஒயினும் மணக்கும். அதே மனிதரிடம் இத்தாலிய வெள்ளை ஒயின் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். எலுமிச்சை என்பார், பச்சை ஆப்பிள் என்பார், ஏதோ வெள்ளைப் பூ என்பார். அதற்கு மேல் நகரமாட்டார்.

இந்தத் தடுமாற்றத்தைச் சுவைப்பவரின் குறை என்று பலர் நினைக்கிறார்கள். வேறு சிலர் பழியை ஒயின் மேல் போடுகிறார்கள்: மணமில்லாத ஒயினுக்கு அடையாளம் எங்கிருந்து வரும் என்பது அவர்கள் கேள்வி. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. மத்திய இத்தாலியின் கிழக்குக் கரையில் உள்ள மார்க்கே மாநிலத்தின் வெர்டிக்கியோ என்ற ஒரே வகையை முன்வைத்து, பெயரை மறைத்தால் அதைக் கண்டறிய முடியுமா, முடியுமென்றால் எதைக் கொண்டு என்ற கேள்வியை இங்கே எடுத்துக்கொள்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வெர்டிக்கியோவைக் கண்டறிய முடியும். ஆனால் அந்த வேலையில் மூக்கு துணைக்குத்தான் வரும். தீர்ப்பு சொல்ல வேண்டியது வாய். வாயும் தடுமாறி நிற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த இடத்தில் நாம் கேட்கும் கேள்வியையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் இத்தாலியின் பெருக்கத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஜான்சிஸ் ராபின்சன், ஜூலியா ஹார்டிங், ஹோசே வூயமோஸ் மூவரும் 2012இல் வெளியிட்ட பெருநூல், உலகெங்கும் ஒயினாகும் 1,368 திராட்சை வகைகளைப் பட்டியலிட்டது. அதில் இத்தாலிக்கு மட்டும் 377. எந்த நாட்டுக்கும் இவ்வளவு இல்லை. இதில் பெயர்க் குழப்பம் வேறு. ட்ரெபியானோ என்று அழைக்கப்படும் வகைகள் பல. ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவையும் அவற்றில் உண்டு. கிரேக்கோ, வெர்னாச்சா, மல்வாசியா என்ற பெயர்களுக்கும் இதே கதைதான். உலகளாவிய ஒயின் தேர்வுகளோ பெரும்பாலும் பிரெஞ்சு, ஜெர்மானிய வகைகளை அளவுகோலாக வைத்து வளர்ந்தவை. மாஸ்டர் சொமலியே தேர்வில் 25 நிமிடத்தில் ஆறு ஒயின்களைச் சொல்லியாக வேண்டும். ஒயின் ஒன்றுக்கு நான்கு நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். மாஸ்டர் ஆஃப் ஒயின் செய்முறைத் தேர்வில் தாளுக்குப் பன்னிரண்டாக மூன்று தாள்கள். இந்த வேகத்தில் மூக்கில் உடனே தட்டுப்படும் மணக்குறிகளை மனப்பாடம் செய்துகொள்வதே எளிய வழியாகிவிடுகிறது. மணக்குறி தராத வகை அங்கே பின்னுக்குப் போவதில் வியப்பில்லை.

மணக்குறி ஏன் சில வகைகளில் மட்டும் இருக்கிறது என்பதற்கு வேதியியல் தெளிவான விடை தருகிறது. மஸ்கட்டிலும் கெவுர்ட்ஸ்ட்ராமினரிலும் லினலூல், ஜெரானியால் போன்ற டெர்பீன்கள் நுகர்வு வரம்பைத் தாண்டி நிறைந்திருக்கின்றன. சோவின்யோன் பிளாங்கின் குடைமிளகாய் வாசனைக்குப் பைரசீன்களும் பேஷன் பழ வாசனைக்குத் தயால்களும் காரணம். முதிர்ந்த ரீஸ்லிங்கின் பெட்ரோல் வாசனை டி.டி.என். என்ற சேர்மத்திலிருந்து வருகிறது. இத்தாலியிலேயே தோர்தோனா மலைச்சரிவுகளின் திமொராஸ்ஸோ அதே பெட்ரோல் வாசனையைக் காட்டும். 1980களில் வால்தேர் மாஸ்ஸா அதை அழிவிலிருந்து மீட்டெடுத்த பின் பல சுவைப்புக் கூடங்களில் ரீஸ்லிங் என்று தவறாகப் பெயர் வாங்கிய வகை அது. அப்படிப்பட்ட ஒற்றைச் சேர்மம் எதுவும் வெர்டிக்கியோவின் இளமையில் முன்னால் வந்து நிற்பதில்லை.

இளம் ஒயினில் மணப்பது பெரும்பாலும் திராட்சையே அல்ல. குளிர்ந்த தொட்டியில் நொதிக்கும்போது ஈஸ்ட் எஸ்டர்களை உண்டாக்குகிறது: வாழைப்பழ வாசனை தரும் ஐசோஅமைல் அசிடேட், பேரிக்காயை நினைவூட்டும் ஹெக்சைல் அசிடேட் போன்றவை. எந்த வெள்ளைத் திராட்சையை அந்தத் தொட்டியில் ஊற்றினாலும் ஏறத்தாழ இதே வாசனைதான் கிடைக்கும். புட்டியில் அடைத்த ஆறு மாதத்தில் ஒரு வெர்டிக்கியோ, ஒரு கோர்தேசே, ஒரு பீனோ கிரிஜோ மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூன்றும் உடன்பிறந்தவர்களைப் போல மணப்பதன் காரணம் இதுவே. இந்த எஸ்டர்கள் நிலையில்லாதவை. ஓரிரு ஆண்டுகளில் நீரேறிப் பிரிந்து மங்கிவிடும். அதே காலத்தில், திராட்சையில் சர்க்கரையோடு பிணைந்து மணமற்றுக் கிடந்த சேர்மங்கள் மெல்ல விடுபடத் தொடங்கும். ஈஸ்ட்டின் வாசனை விலகி வகையின் வாசனை வெளிவரும் இந்தத் திருப்பம்தான் வெர்டிக்கியோ விஷயத்தில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இளம் புட்டியை மட்டும் குடித்துவிட்டு இந்த வகைக்கு முகமில்லை என்று சொல்வது அவசரம்.

வெர்டிக்கியோவின் இடம் எது? அங்கோனா துறைமுகத்துக்கு மேற்கே, அட்ரியாட்டிக் கடலிலிருந்து மலை நோக்கி ஏறும் குன்றுகளில் யேசி என்ற ஊரைச் சுற்றிய பகுதி காஸ்டெல்லி தி யேசி. எசினோ ஆறு இதை ஊடறுத்து ஓடுகிறது. கடற்காற்று வந்து சேரும் திறந்த நிலம். இன்னும் உள்ளே, அப்பினைன் மலைமுகடுகளுக்கு இடையில் இருப்பது மட்டேலிக்கா. மார்க்கேயின் மற்ற பள்ளத்தாக்குகள் எல்லாம் கடலை நோக்கித் திறந்திருக்க, இது மட்டும் வடக்கு தெற்காகப் படுத்து, கடலுக்கு முதுகு காட்டிக் கிடக்கிறது. பகலில் வெயில், இரவில் நல்ல குளிர். மட்டேலிக்கா 1967இலும் யேசி 1968இலும் டி.ஓ.சி. என்ற இத்தாலியத் தோற்ற இடத் தகுதியைப் பெற்றன. பரப்பில் யேசி பெரியது, மட்டேலிக்கா மிகச் சிறியது. 2010இல் இரண்டின் ரிசெர்வா ஒயின்களுக்கும் அதற்கு மேற்பட்ட டி.ஓ.சி.ஜி. தகுதி கிடைத்தது. ரிசெர்வா என்று பெயரிட வேண்டுமானால் குறைந்தது 18 மாதங்கள் முதிர வைத்திருக்க வேண்டும்.

இந்த ஒயினின் பெயரைக் கெடுத்ததும் பரப்பியதும் ஒரே பொருள்தான். 1953இல் ஃபாட்சி பத்தாலியா நிறுவனத்துக்காக அந்தோனியோ மயோக்கி என்ற கட்டடக் கலைஞர் பழங்கால மண்ஜாடியின் வடிவில் இடுப்புச் சிறுத்த பச்சைப் புட்டியொன்றை வரைந்து கொடுத்தார். உலகெங்கும் உள்ள இத்தாலிய உணவகங்களின் மேசைகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. வெர்டிக்கியோ என்றால் மீனோடு குடிக்கும் மலிவான, பச்சைப் புட்டி ஒயின் என்ற எண்ணமும் கூடவே போய்ச் சேர்ந்தது. சுவைப்புக் கூடத்திலும் அந்தப் புட்டி தொல்லைதான். துணிப்பையால் மூடினாலும் இடுப்பு காட்டிக்கொடுத்துவிடும். வேறு கண்ணாடிக் குடுவைக்கு மாற்றியே பரிமாற வேண்டும்.

இப்போது கோப்பைக்கு வருவோம். நான்கு வயதான யேசி வெர்டிக்கியோ, ஓக் பீப்பாய் படாதது, 11 டிகிரி அளவில் குளிர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். இந்த வெப்பநிலை முக்கியம். ஆறு டிகிரியில் பரிமாறினால் மணம் அடங்கிக் கசப்பு தனியாகத் துருத்தும், வகை கேலிச்சித்திரமாகிவிடும். நிறம் இளம் வைக்கோல் மஞ்சள், வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்தால் ஓரத்தில் பச்சை நிழல். நான்கு வயதிலும் அந்தப் பச்சை போகாமல் நிற்பது ஒரு சிறு குறிப்பு. முதல் முகர்வில் எலுமிச்சைத் தோல், காய்ந்த புல், கொஞ்சம் சோம்பு. உரக்கப் பேசாத மணம். இரண்டாவது முகர்வில் தோல் நீக்காத பச்சைப் பாதாம். இதுவரை கிடைத்ததை வைத்துப் பெயர் சொல்ல முயன்றால் பத்து வகைகள் வரிசையில் நிற்கும்.

மூக்கை இரு விரலால் அடைத்துக்கொண்டு ஒரு மிடறு எடுத்துப் பாருங்கள். மணங்கள் அத்தனையும் அணைந்துவிடும். எலுமிச்சை இல்லை, சோம்பு இல்லை. எஞ்சுவது வாயின் உணர்வுகள் மட்டும்: புளிப்பு, கனம், துவர்ப்பு, கசப்பு, மதுவின் சூடு. வெர்டிக்கியோவின் அடையாளம் இந்த எச்சத்தில்தான் இருக்கிறது. புளிப்பு நாவின் இருபுறமும் வெட்டும். தலையை முன்னால் சாய்த்தால் எச்சில் ஊறி நிற்பது தெரியும். இவ்வளவு புளிக்கும் வெள்ளை ஒயின் பொதுவாக மெலிந்திருக்கும். இது மெலிவதில்லை. நடு நாவில் ஒரு சதைப்பற்று, கிட்டத்தட்ட எண்ணெய்த்தன்மை. புளிப்பும் கனமும் இப்படி ஒன்றையொன்று தின்னாமல் சேர்ந்து நிற்பது அரிது. விழுங்கியோ துப்பியோ விட்டபின் காத்திருங்கள். புளிப்பு அடங்கும்போது, அதற்குக் கீழிருந்து கசப்பு எழும். பாதாமின் பழுப்புத் தோலைத் தனியாகக் கடித்தால் வரும் அளவுக்கான, சுத்தமான, சிறு கசப்பு. மூக்கைத் திறந்ததும் பாதாம் மணம் வந்து அதோடு ஒட்டிக்கொள்ளும்.

கசப்பு மற்றச் சுவைகளைவிடத் தாமதமாக எழுந்து நீண்டு நிற்கும் சுவை. அவசர அவசரமாகத் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குத் தாவுபவர் இதைக் கேட்காமலே போய்விடுவார். நான்கு நிமிடக் கணக்கில் பழகியவர்களுக்கு வெர்டிக்கியோ ஏன் நழுவுகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. கூடவே, கசப்பைக் குறை என்று கருதும் பழக்கமும் இருக்கிறது. ஒயின் பள்ளிகளில் கசப்பு என்றால் தோலை அதிகமாக நசுக்கிப் பிழிந்ததன் விளைவு என்று சொல்லிக்கொடுப்பார்கள். அது பல நேரம் உண்மை. ஆனால் கவனமாகப் பிழிந்த வெர்டிக்கியோவிலும் அந்தக் கசப்பு வருகிறது. அது கைத்தவறல்ல, வகையின் இயல்பு. இத்தாலியர்கள் அதைத் தேடிக் குடிக்கிறார்கள்.

ஆனால் பாதாம் கசப்பு வெர்டிக்கியோவின் தனிச்சொத்து என்று எழுதினால் பொய்யாகும். தொஸ்கானாவின் வெர்னாச்சா தி சான் ஜிமிஞானோ (1966இல் இத்தாலியிலேயே முதன்முதலாக டி.ஓ.சி. தகுதி பெற்ற ஒயின்) அதே பாதாம் கசப்பில்தான் முடியும். சோவாவேயின் முதன்மை வகையான கார்கானெகாவும் பாதாமில் முடியும். அப்படியானால் எதை வைத்துப் பிரிப்பது? இங்கேதான் ஒற்றைக் குறியை விட்டுவிட்டுக் கட்டமைப்பைப் பார்க்க வேண்டும். வெர்னாச்சாவில் நடு நாவு ஒல்லியாக இருக்கும். புளிப்பிலிருந்து நேரே கசப்புக்குப் போய்விடும், இடையில் சதை குறைவு. கார்கானெகாவில் நேர்மாறு: பீச், கெமோமில், மெத்தென்ற நடு நாவு, ஆனால் புளிப்பு ஒரு படி தாழ்வு. வெர்டிக்கியோ இரண்டுக்கும் நடுவில் நிற்கவில்லை. ஒன்றின் புளிப்பையும் மற்றதன் சதையையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. மூன்றையும் ஒரே மேசையில் வைத்து மாற்றி மாற்றிக் குடித்தால் இந்த வேறுபாடு சொல்லிக்கொடுக்காமலே புரியும். தனித்தனியாக, வெவ்வேறு நாட்களில் குடித்தால் எவ்வளவு படித்தாலும் புரியாது.

மற்ற இத்தாலிய வகைகளைச் சீக்கிரம் கழித்துவிடலாம். கம்பானியாவின் கிரேக்கோ தி தூஃபோ நிறத்திலேயே அடர்ந்திருக்கும். அதில் கசப்பைவிடத் துவர்ப்பு முன்னால் வரும், ஈறில் பிடிக்கும். அதே நிலத்தின் ஃபியானோ தேன்மெழுகும் ஹேசல் கொட்டையுமாக மணக்கும். ஆர்னெய்ஸில் பேரிக்காய், புளிப்பு குறைவு. வெர்மெந்தினோவில் காட்டு மூலிகை. எட்னா எரிமலைச் சரிவின் கரிக்கான்தே புளிப்பில் வெர்டிக்கியோவையும் மிஞ்சும், கனத்தில் எட்டாது. பெக்கொரினோதான் கொஞ்சம் சிக்கல்: மார்க்கேயின் தெற்கு எல்லையில் வளரும் பக்கத்து வீட்டுக்காரர், புளிப்பும் உண்டு, கனமும் உண்டு. அதில் மதுவின் சூடு கூடுதலாகத் தெரியும், மூலிகை வாசனை தூக்கலாக இருக்கும். ஆயினும் நல்ல பெக்கொரினோவை வெர்டிக்கியோ என்று சொன்னவரை யாரும் கடிந்துகொள்ளக் கூடாது.

இத்தாலிக்கு வெளியே அதிகம் குழப்புவது ஷாப்ளி. ஓக் படாத ஷார்தொனே, நடுநிலை மணம், உயர்ந்த புளிப்பு. ஆனால் ஷாப்ளி பொதுவாக மாலோலாக்டிக் மாற்றத்துக்கு (கூர்மையான மாலிக் அமிலம் மென்மையான லாக்டிக் அமிலமாவதற்கு) உட்பட்டது. அதன் புளிப்பில் ஒரு பால்தன்மை கலந்திருக்கும், முடிவில் கசப்பு இருக்காது. ஆஸ்திரியாவின் குரூனர் வெல்ட்லினரிலும் லேசான கசப்பு உண்டு. அதைத் தனியாகக் காட்டுவது வெள்ளை மிளகு. ரொட்டண்டோன் என்ற சேர்மம் அதற்குக் காரணம். அல்பரீனோவில் டெர்பீன்கள் கொஞ்சம் இருப்பதால் மூக்கு அங்கே உதவிக்கு வரும்.

இதுவரை சொன்னது வெர்டிக்கியோவை அந்நியர்களிடமிருந்து பிரிக்கும் கதை. அதனிடமிருந்தே அதைப் பிரிப்பதுதான் கடினமான பகுதி.

வடக்கே கார்தா ஏரியின் தென்கரையில், பனிப்பாறைகள் விட்டுப்போன களிமண் நிலத்தில் லுகானா என்ற ஒயின் விளைகிறது. அதன் திராட்சையை அங்கே துர்பியானா என்பார்கள். முன்பு ட்ரெபியானோ தி லுகானா என்றார்கள். சற்றுக் கிழக்கே சோவாவேயில், கார்கானெகாவோடு சிறு அளவில் கலக்கும் ட்ரெபியானோ தி சோவாவே இருக்கிறது. மரபணுச் சோதனைகள் வந்த பிறகு தெரிந்தது, இவையும் வெர்டிக்கியோவும் ஒரே வகை. கொள்ளைநோயால் ஆளற்றுப்போன மார்க்கேயின் நிலங்களில் 15ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறிய வெனெத்தோ உழவர்கள் கொடிகளையும் கொண்டுவந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. நூற்றாண்டுகளாக வெவ்வேறு மண்ணில் வெவ்வேறு கைகள் தேர்ந்தெடுத்துப் பதியம் போட்டதால் கிளைவகைகளுக்குள் வேறுபாடு உண்டு. லுகானாக்காரர்கள் தங்கள் கொடி தனியானது என்று பெருமையோடு சொல்வதற்கு அந்த அளவில் நியாயமும் உண்டு.

வெரோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டது. கடையில் கிடைக்கும் 13 ஒயின்கள், லுகானாவும் வெர்டிக்கியோவும் கலந்து. அவற்றில் ஆவியாகும் 76 சேர்மங்களை அளந்தார்கள். 19 சேர்மங்கள் இரண்டையும் வேறுபடுத்தின. அதாவது கருவிக்கு வேறுபாடு தெரிகிறது. பிறகு அதே ஒயின்களை மனிதர்களிடம் கொடுத்து, ஒன்றுபோல் தோன்றுபவற்றைச் சேர்த்துக் குழுவாக்கச் சொன்னார்கள். இரண்டு குழுக்கள் உருவாயின. ஒன்றில் ஆறு ஒயின்கள். அவற்றில் நான்கு லுகானா. மற்றதில் ஏழு, அவற்றில் ஐந்து வெர்டிக்கியோ. முதல் குழுவை இனிமையும் நொதிப்பு வாசனையும் உடையது என்றும், இரண்டாவதைப் புத்துணர்வும் புதினாத்தன்மையும் மசாலா மணமும் உடையது என்றும் விவரித்தார்கள்.

இந்த எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். பதின்மூன்றில் ஒன்பது ஒயின்கள் தங்கள் ஊர்க்காரர்களோடு சேர்ந்தன; நான்கு எதிர் முகாமுக்குப் போயின. வெறும் தற்செயல் என்று தள்ள முடியாது, உறுதியான பிரிவு என்று கொள்ளவும் முடியாது. என் வாசிப்பில் இதன் பொருள் இதுதான்: மண்ணும் தட்பவெப்பமும் தயாரிப்பு முறையும் ஒரே திராட்சையை இரண்டு பக்கமாக இழுக்கின்றன, ஆனால் முழுதாகப் பிய்த்துவிடவில்லை. எனவே ஒரு வெர்டிக்கியோவை லுகானா என்று சொன்னவர் வகையைச் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார். தவறியது இடம் மட்டும்.

வெரோனா ஆய்வுக்குழுவின் கவனத்துக்கு வந்த இன்னொரு சேர்மத்தை இங்கே குறிப்பிட வேண்டும்: மெத்தைல் சாலிசிலேட். தசைவலித் தைலங்களைத் திறந்தவுடன் மூக்கில் ஏறுமே, அந்த வாசனைக்குக் காரணமான பொருள். இந்தத் திராட்சைக் குடும்பத்தில் அது மற்ற பல இத்தாலிய வெள்ளைகளைவிட அதிகம். பெரும்பகுதி சர்க்கரையோடு பிணைந்த வடிவில் இருக்கிறது. முதிர முதிர விடுபடும். வயதான வெர்டிக்கியோவில் பலரும் எழுதிவைத்த சோம்பு, புதினா, மருந்துப் பச்சிலை வாசனைகளுக்கு இதில் ஒரு பங்கு இருக்கும் என்று நம்ப நல்ல காரணம் இருக்கிறது. மூக்கைத் துணைக்கு அழைப்பது என்று நான் சொன்னது இதற்காகத்தான். வாய் ஒரு பெயரைச் சொன்ன பிறகு, அந்தத் தைல வாசனையின் சாயல் இருக்கிறதா என்று திரும்பிப் போய் முகர்ந்து பார்க்கலாம். இருந்தால் உறுதி கூடும். முதலிலேயே அதைத் தேடிப் போனால், இல்லாததும் இருப்பதாகத் தோன்றும்.

அப்படித் தோன்றும் என்பது வெறும் எச்சரிக்கை அல்ல. அளந்து பார்த்த உண்மை. போர்தோவில் நடந்து 2001இல் வெளியான ஆய்வொன்றில், ஒயின் தொழில்நுட்பம் படித்த 54 மாணவர்களுக்குச் சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். கண் சொன்னதை மூக்கு ஒப்பித்தது. 1996இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், கலவையொன்றில் தனித்தனி மணங்களை அடையாளம் காணச் சொல்லிப் பார்த்தார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கும்கூட மூன்று நான்குக்கு மேல் பிடிபடவில்லை. பத்துப் பழங்களின் பெயரை அடுக்கும் சுவைக்குறிப்புகளை இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில் ராபர்ட் ஹாட்ஜ்சன் நடத்திய சோதனை 2008இல் வெளியானது. ஒரே புட்டியின் ஒயினை ஒரே சுற்றில் மூன்று முறை நடுவர்களுக்குக் கொடுத்தபோது, பத்தில் ஒருவர் மட்டுமே மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரே தரம் கொடுத்தார்.

இந்த ஆய்வுகளைக் காட்டி, சுவைப்பதே ஏமாற்று என்று முடிவு கட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஹாட்ஜ்சன் அளந்தது பிடித்தம், பிடிக்காமை சார்ந்த தரமதிப்பீட்டை. அடையாளம் காண்பது வேறு வேலை. போர்தோ ஆய்வு காட்டியது மண வர்ணனையின் பலவீனத்தை. மணச்சொற்கள்தாம் எளிதில் வழுக்குகின்றன. புளிப்பு எவ்வளவு, கசப்பு எப்போது எழுந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்ற குறிப்புகளைப் பக்கத்துக் கோப்பையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியும். மணம் மெலிந்த இத்தாலிய வகைகளை அணுக அமைப்பிலிருந்து தொடங்குவதே பாதுகாப்பான வழி என்று நான் வற்புறுத்துவதற்கு இந்த ஆய்வுகளும் காரணம்.

யேசியா மட்டேலிக்காவா என்ற கேள்விக்குப் போகலாமா? அனுபவமுள்ளவர்கள் போகிறார்கள். மட்டேலிக்காவின் இரவுக் குளிரில் புளிப்பு குறையாமல் சர்க்கரை ஏறுவதால், ஒயின் இறுக்கமாகவும் செறிவாகவும் வரும்; கொல்லெஸ்தேஃபனோ என்ற தயாரிப்பாளரின் ஒயின் அந்த இறுக்கத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. யேசி அகன்றது, சற்றே தாராளமானது, சில கோப்பைகளில் உப்புத்தன்மை தெரியும். ஆனால் யேசிக்குள்ளேயே உயரமும் திசையும் மண்ணும் மாறிக்கொண்டே இருப்பதால், உயரத்தில் விளைந்த ஒரு யேசி ஒயின் மட்டேலிக்காவைப் போல இருப்பது சாதாரணம். இதில் பந்தயம் கட்ட நான் யாரையும் தூண்டமாட்டேன்.

தயாரிப்பாளரின் கை இன்னொரு திரை. வில்லா புச்சியின் ரிசெர்வா பெரிய பழைய மரப்பீப்பாய்களில் முதிர்கிறது. பீப்பாய் பழையது என்பதால் ஓக் வாசனை ஏறாமல், தேனும் கெமோமிலும் மெல்லத் திரளும். சார்தாரெல்லியின் பல்சியானா பிந்திய அறுவடை. கனமும் மதுவும் ஏறி, முதல் மிடறில் வேறு வகை என்றே நினைக்கத் தோன்றும். இந்த வகையிலிருந்து நுரைக்கும் ஒயினும் உலர்த்திய பழத்தின் இனிப்பு ஒயினும் செய்கிறார்கள். இத்தனை வேடங்களிலும் மாறாமல் வருவது அந்தப் புளிப்பும் கடைசிக் கசப்பும். புதிய சிறு ஓக் பீப்பாய் மட்டும் இரண்டையும் மூடிவிடும். அப்படிச் செய்த வெர்டிக்கியோவை ஓக் படிந்த ஷார்தொனே என்று சொல்பவரிடம் தவறு காண முடியாது.

பயிற்சிக்கு வருபவர்களுக்கு என் பரிந்துரை எளிது. மூன்று நான்கு வயதான வெர்டிக்கியோ, அதே வயது லுகானா, வெர்னாச்சா, கார்கானெகா மட்டும் கொண்டு செய்த சோவாவே, ஷாப்ளி. ஐந்தையும் ஒரே வெப்பநிலையில், ஒரே வகைக் கோப்பைகளில், முதலில் மூக்கை அடைத்துக்கொண்டு ஒரு சுற்று. புளிப்பு, கனம், கசப்பு மூன்றுக்கும் எண் கொடுத்து எழுதிக்கொள்ளுங்கள். மூக்கைத் திறந்து இரண்டாம் சுற்று. பெயரை அதன் பிறகே எழுதுங்கள்.

தேர்வு நடத்துபவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். வெர்டிக்கியோவை வைத்துவிட்டு, லுகானா என்று எழுதியவருக்குத் திராட்சை வகைக்கான முழு மதிப்பெண்ணும் கொடுங்கள். இடத்துக்கானதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். வெர்னாச்சா என்று எழுதி, உயர்ந்த புளிப்பையும் பாதாம் கசப்பையும் காரணமாகக் காட்டியவருக்கு, அந்தத் தர்க்கத்துக்கான மதிப்பெண் போய்ச்சேர வேண்டும்; நடு நாவின் சதையை அவர் கவனிக்கவில்லை என்று ஓரத்தில் எழுதித் தாளைத் திருப்பிக் கொடுங்கள். ஷாப்ளி என்று எழுதியவரைத் திரும்பக் கூப்பிட்டு, இன்னொரு மிடறு கொடுத்து, விழுங்கிய பின் அரை நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள்.